கழிவறைச் சுவரில் எஸ்ரா

ஹார்ட்வெல், அயோவா
அக்டோபர் 19

அன்பு மகள் ட்ரூடிக்கு,

அப்பா எழுதுகிறேன். என் இடது முழங்காலும் இப்போதுதான் ஆறிய உன் அம்மாவின் கோபமும் போக, இங்கே எல்லாம் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பெர்கன் மழையில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா? மேப்பிள் சருகு வாரி மாளவில்லை, பூனைக்கு எடை கூடிவிட்டதென்று மருத்துவர் என்னைத் திட்டினார். கோபத்தின் கதை இதுதான். விக்டோரியா காலத்தில் பொத்தான் ஆலை முதலாளி விட்லாக் கட்டிய மாளிகையை வரலாற்றுச் சங்கம் ஊர் அருங்காட்சியகமாக மாற்றியது உனக்குத் தெரியும். பழைய குடும்பங்களெல்லாம் முன்னோர் படங்களைக் கொடுத்தன, அம்மாவும் தன் கொள்ளுத்தாத்தா எஸ்ராவைக் கொடுத்தாள். கூடத்தில்தான் மாட்டுவார்கள் என்று நம்பித் திறப்பு விழாவுக்குப் புதுத் தொப்பி வேறு வாங்கினாள். கூடத்தில் விட்லாக் மட்டும் மூன்று கோணங்களில் தொங்கினார். எஸ்ரா மாடிக் கழிவறையில், பீங்கான் பீடத்துக்கு நேர் மேலே, மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். ஊரில் முதன்முதலாக வீட்டுக்குள் கழிவறை அமைத்த குழாய்க்காரர் அவர்தான், அதனால் அதுவே பொருத்தமான இடம் என்று சங்கத் தலைவியும் அந்த முதலாளியின் வாரிசுமான கார்டீலியா விட்லாக் விளக்கினாள். அப்படின்னா உங்க தாத்தாவை ஒரு சட்டையில தச்சுத் தொங்கவிடுங்களேன் என்றாள் அம்மா. எஸ்ரா கூடத்துக்கு வர்ற வரைக்கும் என் அடுப்புலேர்ந்து ஒரு கேக்கும் வராது என்றும் சொல்லிவிட்டாள். அம்மாவின் எலுமிச்சை கேக்கை விற்றுத்தான் அந்த மாளிகையின் கூரையே ஒழுகாமல் நிற்கிறது. குடும்ப அமைதியை முன்னிட்டு நான் சுவர்க்காகிதத்தின் பூக்களை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

சனிக்கிழமை விற்பனைக்குக் கார்டீலியா தானே பிஸ்கட் சுட்டாள், வாங்கியவர்கள் இதுவும் பழைய பொத்தான் ஆலைச் சரக்கா என்று கேட்டார்களாம். மதியமே தொலைபேசியில் பணிந்துவிட்டாள், வந்து படத்தைக் கூடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று. போனால், மாடியிலிருந்து வாசல்வரை வரிசை. கூடத்தை ஒரே மூச்சில் கடந்து எல்லாரும் கழிவறைக்குத்தான் ஏறுகிறார்கள். அந்த வீட்டில் ‘தொடாதீர்’ அட்டை இல்லாத ஒரே பொருள் கழிவறையில் தண்ணீர் திறந்துவிடும் அந்தச் சங்கிலிதான், ஆளாளுக்கு இழுத்துப் பார்த்துவிட்டு எஸ்ராவோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். பனியில கொல்லைக்கு ஓடாம நம்மளக் காப்பாத்தின மகராசன் என்றாள் ஒரு பண்ணைக்காரி, நீயும் இருக்கியே, ஒரு குழாயை மாத்தச் சொல்லி எத்தனை மாசமாச்சு என்று பக்கத்திலிருந்த கணவனையும் கவனித்தாள். அம்மா ஆளில்லாத கூடத்தில் தொங்கிய விட்லாக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கார்டீலியாவிடம், அவரு மேலேயே இருக்கட்டும்மா, நாலு பேரோட பழகினவரு, இங்கே தனியா போரடிக்கும் என்றாள். கேக் மறுபடி போகிறது. நேற்று கார்டீலியா கூப்பிட்டு, நிறையத் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தச் சுவரில் விட்லாக்குக்கும் கொஞ்சம் இடமிருக்குமா என்று கேட்டாள். தாராளமா வரட்டும், எல்லாரையும் போல வரிசையில நிக்கச் சொல்லுங்க என்றாள் உன் அம்மா.

உங்கள் சமையலறைக் குழாய் ஒழுகுவதாக எழுதியிருந்தாய். மாப்பிள்ளைக்காகக் காத்திராமல் நீயே பிரித்துப் பார், உன் ரத்தத்தில் இருக்கிற வேலை அது. இருவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக வாழ எங்கள் ஆசி. கம்பளிக் காலுறையை மறக்காதே.

உன் அப்பா,
ஆல்டன்