மூக்கையா, சுவாச சிகிச்சையாளர்

ஜூன் 9, திங்கள்

எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. தல்லாகுளத்தில் பஸ்ஸை விட்டுவிட்டேன். ஐசியூவுக்கு ஏழு நிமிடம் தாமதம்.

நோட்டீஸ் போர்டில் புது அறிவிப்பு. சுவாச சிகிச்சையாளர்கள் எல்லோரும் மாநில கவுன்சிலில் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சனிக்கிழமை கடைசி. விண்ணப்பிக்காதவர்கள் அடுத்த திங்களிலிருந்து வென்டிலேட்டரைத் தொடக்கூடாது. ஆறு வருடமாகத் தொட்டுக்கொண்டிருக்கிறேன். வேறு வேலை எதுவும் தெரியாது.

கேட்டவை:
டிகிரி. இருக்கிறது.
ஆதார். இருக்கிறது.
மாஸ்க் இல்லாத போட்டோ. யோசிக்கணும்.
எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி. செத்தேன்.

இங்கே எல்லோருக்கும் நான் கார்த்திக். 'கூப்பிடும் பெயர்' என்று சொல்லி பேட்ஜிலும் அதையே போட வைத்தேன். காகிதத்தில் பெ. மூக்கையா. மூச்சு வைத்தியத்துக்கு மூக்கையா என்று ஒருவன் போய் நின்றால் நோயாளியே சிரித்துவிடுவார். சிரிக்க அவரிடம் மூச்சு இருந்தால்.

போதாததற்கு மூக்கில் ஒரு துளை. குழந்தையில் குத்தியது. ஏதோ நேர்த்திக்கடன் என்று அம்மா சொல்வாள். கொரோனா முடிந்து ஊரே மாஸ்க்கைக் கழற்றியது, நான் கழற்றவில்லை.

ஐந்தாம் பெட் திருமங்கலம் வாத்தியாருக்குப் பரவாயில்லை. தொண்டையில் குழாய், சிலேட்டில் எழுதித்தான் பேச்சு. இன்று எழுதியது: "கார்த்திக், எப்போது எடுப்பாய்?" அடுத்த திங்கள் எடுக்கலாம் என்கிறார் டாக்டர். நான்தான் எடுக்கணும். ஒன்பது நாளாக அவருடைய மூச்சை எண்ணியவன் நான்.

ஜூன் 10, செவ்வாய்

புழுக்கம். சிம்மக்கல் பிரவுசிங் சென்டர். டிகிரியில் என் பெயருக்கு ஒரு 'கே', ஆதாரில் இரண்டு. குற்றவாளி வேறு யாருமில்லை. ஆதார் எடுத்த அன்று எழுத்துக்கூட்டிச் சொன்னவன் நான்.

கடைக்காரர்: "அண்ணே, ரெண்டும் ஒரே ஆளுதான்னு ஊரு வி.ஏ.ஓ.கிட்ட எழுதி வாங்கிருங்க. இல்லாட்டி கெசட்டுல பேரையே மாத்திருங்க. மனுப் போட்ட ரசீதே போதும்கிறாக. அதுக்கும் வி.ஏ.ஓ. கையெழுத்து வேணும்."

மாற்றிவிடலாம். கார்த்திக். இதற்காகத்தான் பத்து வருடம் காத்திருந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு தாளும் அடித்து வாங்கினேன்.

இன்சார்ஜ் சிஸ்டரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி லீவு கேட்டேன். "யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க சிஸ்டர்."

"ஐசியூல நின்னு சொல்ற பேச்சா இது?"

மதியம் லேப்காரன்: "மூக்கண்ணே, ரிப்போர்ட் வந்துருச்சு." சிஸ்டரைப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனில் தன் வீட்டாரிடம் சௌராஷ்டிர பாஷையில் மளமளவென்று பேசினார். நடுவில் 'மூக்கையா' மட்டும் தெளிவாகக் கேட்டது.

ஜூன் 11, புதன்

பேரையூர், சொந்த ஊர். அனல் காற்று. அம்மாவும் கூட வந்தாள், வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா.

வி.ஏ.ஓ.விடம் முதலில் ஒரே ஆள் தாளை நீட்டினேன். வாசித்தார். "'மூக்கையா என்பவரும் மூக்கையா என்பவரும் ஒருவரே.' என்னப்பா, நீயும் நீயும் ஒரே ஆளா?"

இங்கிலீஷில்தான் வித்தியாசம், தமிழில் அடித்தால் இரண்டும் ஒன்றுதான். அது எனக்கு உறைக்கவே இல்லை. வழிந்தேன்.

"சரி, விசாரிச்சுத்தான் போடணும். ஒங்களுக்கு எத்தன பிள்ளைகம்மா?"

"ரெண்டு" என்றாள் அம்மா.

"ஒண்ணும்மா" என்றேன்.

"ரெண்டு." அம்மா என்னைப் பார்க்கவில்லை. "மூத்தவன் ஒரு நாளுதேன் இருந்தான். மூச்சு முட்டியே போயிட்டான். இவனாச்சும் தங்கணும்னுதேன் பொறந்ததும் மூக்கக் குத்தி, இந்தப் பேர வச்சோம். குத்துனதும் வீல்னு கத்துனான் பாருங்க, அப்பத்தேன் எனக்கு மூச்சே வந்துச்சு."

வி.ஏ.ஓ. பேனாவை மூடித் திறந்தார். "எங்க வீட்லயும் ஒரு மூக்கம்மா இருக்கா. கல்யாணப் பத்திரிகையில மகேஸ்வரின்னு போட்டுக்கிட்டா. இதுலயே போட்டுரவாப்பா கையெழுத்து?"

கெசட் தாள் பைக்குள்ளேயே இருந்தது. வெளியே எடுக்கவில்லை. ஒரே ஆள் தாளில் பெயர்களுக்குப் பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்தைப் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். போட்டார்.

நான் இந்தப் படிப்பில் சேர்ந்த அன்று அம்மா தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தாள். டாக்டருக்குப் படித்தால்கூட இம்புட்டுக் கொடுக்க மாட்டார்கள் என்று அன்று கூச்சப்பட்டேன். இன்று விளங்குகிறது. பஸ் ஸ்டாண்டு வரை அம்மாவின் கைச்சுமையை நான் தூக்கி வந்தேன்.

ஜூன் 12, வியாழன்

மேகமூட்டம், மழை இல்லை. ஸ்டுடியோவில் மாஸ்க்கைக் கழற்றினேன்.

"மூக்குல தொள தெரியுதுண்ணே. அழிச்சிரவா?"

"இருக்கட்டும்."

விண்ணப்பம் போய்விட்டது. பேட்ஜ் மாற்றவும் எழுதிக் கொடுத்தேன். 'கூப்பிடும் பெயர்' என்ற கட்டத்தில்: அதேதான்.

வாங்க வேண்டியது: சாக்ஸ், ஷேவிங் பிளேடு (இனி முகம் தெரியும்), அம்மாவுக்கு மூட்டு வலித் தைலம்.

ஜூன் 14, சனி

விண்ணப்ப எண் வந்தது. சிஸ்டரிடம் காட்டினேன். "இப்ப மூச்சு விடலாமா?" என்றார். விட்டாயிற்றே சிஸ்டர், எல்லா மாடிக்கும்.

ஜூன் 16, திங்கள்

காலையில் தூறல். ஐந்தாம் பெட். குழாயை எடுத்தேன். வாத்தியார் இருமினார், கண்ணில் தண்ணீர், பிறகு தானாக ஒரு மூச்சு, இன்னொன்று. சிலேட்டைத் தேடினார். "வேணாம் சார், பேசலாம்" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். புது பேட்ஜைப் பார்த்தார். எழுத்து எழுத்தாக உதடு அசைந்தது. கரகரத்த குரலில், "நெசமாவே மூக்கையாவா?"

"ஆமா சார்."

சிரித்தார். இருமல் வந்தது. அடங்கியதும் மறுபடி சிரித்தார்.

ஆக்சிஜன் தொண்ணூற்றேழு.