ஏழாம் மேற்கோள்

லெனின்கிராத்,
12 பிப்ரவரி 1975

அன்புள்ள வேன்யா,

நலம். நீயும் நலம் என்றே கொள்கிறேன். நான்கு மாதமாக ஒரு வரிகூட எழுதாதவனை வேறு எப்படி விசாரிப்பது? ஹைஃபாவில் இப்போதே வெறும் சட்டையோடு நடக்கிறார்களாம். இங்கே நேவா உறைந்து கிடக்கிறது. ஆய்வகத்து வெப்பக்குழாய் வழக்கம்போல் ஆணையர்கள் பார்வையிட வரும் நாளில் மட்டும் சுடுகிறது.

நமது கட்டுரை ஜனவரி இதழில் வெளிவந்துவிட்டது. இழுத்துப் பிடித்த ரப்பரில் விசை ஏன் நாள்கணக்கில் குறைந்துகொண்டே போகிறது என்பதற்கு நீ கண்ட விளக்கமே அதன் உயிர். ஒரு முனை வலையில் பிணைந்து மறுமுனை தொங்கும் மூலக்கூறுச் சங்கிலி, அண்டைச் சங்கிலிகளிடையே சிக்கிக்கொள்கிறது. வந்த வழியே பின்வாங்கினால்தான் அதற்கு விடுதலை. நீளம் கூடக் கூட, அதற்காகும் காலம் பன்மடங்காகிறது.

கட்டுரையில் என் பெயர் மட்டும் இருப்பதைக் காண்பாய். நாட்டை விட்டுச் சென்றவர் பெயருள்ள கைப்பிரதிக்கு அனுமதிச் சான்று கிடையாது. சான்றில்லாததை எந்த இதழும் வாங்காது. விதியை நான் இயற்றவில்லை. நீ தவறாக எடுத்துக்கொள்ள மாட்டாய் என நம்புகிறேன்.

என்றும் உன்,
கிரில்


ஹைஃபா,
20 ஏப்ரல் 1975

அன்புக் கிரில்,

உன் கடிதம் ஏழு வாரம் கழித்து வந்தது. யாரோ பிரித்துப் படித்துவிட்டு, உன்னைவிட நேர்த்தியாக ஒட்டியிருந்தார்கள்.

இங்கே கல்லூரியில் ஒரு விரிவுரையாளர் இடம் இருக்கிறது. மனு போட்டேன். குழுத் தலைவர் நம் கட்டுரையைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "அஞ்சு வருஷம் இதுலதான் உழைச்சேன்னு சொல்றீங்க. இதுல நீங்க எங்கே இருக்கீங்க?"

பெயர் போனது எனக்குப் புரிகிறது. அதற்காக உன்னோடு சண்டையில்லை. ஆனால் இந்த எண்ணத்தை முதலில் சொன்ன, 1969-இல் நான் தனியாக வெளியிட்ட சிறு குறிப்பு நம் கைப்பிரதியில் ஏழாம் மேற்கோளாக இருந்தது. அச்சில் அது இல்லை. அந்தக் குறிப்பு வந்த சிற்றிதழ் இங்கே எங்கும் கிடைக்காது; மேற்கோள் மட்டும் இருந்திருந்தால், எண்ணம் என்னுடையது என்று விரலால் தொட்டுக் காட்டியிருப்பேன். அதே இதழில், எண்பத்தெட்டாம் பக்கத்தில், நம் ஆய்வகத்துத் தமாரா யெகோரொவ்னா என் பழைய அளவீடு ஒன்றைப் பெயரோடு மேற்கோள் காட்டியிருக்கிறார். அவருக்கு இல்லாத விதி உனக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

உத்தரவின் எண்ணையும் தேதியையும் எழுது. கட்டாயத்தின் பேரில் நீக்கப்பட்டது என்று தெரிந்தால் குழு ஏற்றுக்கொள்ளும். ஜூலை முடியும்வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

உன்,
வேன்யா


லெனின்கிராத்,
3 ஜூலை 1975

அன்புள்ள வேன்யா,

இதை வார்சா நண்பர் ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதலாம்.

உத்தரவு எண்ணைக் கேட்டு, சான்றுகளுக்கு முத்திரையிடும் பஹோமொவிடம் சென்றேன். அவர் கோப்பைத் திறக்கவே இல்லை.

"உத்தரவா? பேரை எடுக்கச் சொன்னேன், அது நெசம். மேற்கோளைப் பத்தி யாருங்க பேசினா, கிரில் ஆந்திரேயெவிச்? நீங்களே கோடு போட்டு அடிச்சுக் கொண்டுவந்தீங்க, நான் பாட்டுக்கு முத்திரை குத்தினேன். விட்டா உங்க பேரையும் அடிச்சிருப்பீங்க போல."

எழுதப்படாத விதிக்கு ஒருபோதும் பணிந்ததில்லை என்று இருபத்தைந்து ஆண்டுகளாக எண்ணியிருந்தேன்.

எண்ணம் உன்னுடையது என்று ஓர் அறிக்கை எழுதிக் கையெழுத்தும் இட்டேன். நிறுவன முத்திரையின்றி அதற்கு மதிப்பில்லை. முத்திரை கேட்டால் காரணம் கேட்பார்கள். நவம்பரில் என் ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு. அந்தக் கட்டுரைதான் அதன் மூன்றாம் அத்தியாயம். ஐம்பது வயதில் எனக்கு இன்னொரு வாய்ப்பு கிடைக்காது. தேர்வு முடிந்ததும் முறைப்படி எழுதித் தருகிறேன். அதுவரை பொறுத்துக்கொள்.

உன்,
கிரில்


ஹைஃபா,
9 அக்டோபர் 1975

மதிப்பிற்குரிய கிரில் ஆந்திரேயெவிச் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. விரிவுரையாளர் இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. தண்ணீர்க் குழாய்களுக்கு ரப்பர் வாஷர் செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. வாஷர்களை அழுத்தி வைத்து, வாரக்கணக்கில் அவற்றின் விசை தளர்வதை அளக்கிறேன். அளவுகள் தங்கள் பதினான்காம் சமன்பாட்டோடு ஒத்துவரவில்லை.

காரணம் எளிது. தொங்கும் சங்கிலிகள் யாவும் ஒரே நீளம் என்று அங்கே கொள்ளப்பட்டிருக்கிறது. கந்தகத்தால் பிணைத்த ரப்பரில் அவை குட்டையும் நெட்டையுமாகக் கலந்தே கிடக்கும். எனவே தளர்வு தாங்கள் அச்சிட்டதைவிடப் பல மடங்கு மெதுவாக நடக்கும். கணக்கை முடிப்பதற்காக அந்தக் கருதுகோளை எழுதி வைத்தவன் நான்தான். அச்சுக்குப் போகுமுன் மாற்றச் சொல்லியிருப்பேன். அதற்குள் விசா வந்துவிட்டது. மேற்கோள் பட்டியலை அவ்வளவு கவனமாகப் படித்தவர் சமன்பாட்டையும் படித்திருப்பார் என்று நம்பினேன்.

திருத்தக் குறிப்பு லண்டன் இதழ் ஒன்றில் இந்த மாதம் வெளியாகிறது. தங்கள் தேர்வுக்கு முன்பே நூலகத்தை அடைந்துவிடும். தவறு யாருடையது என்று சொல்லும் இடத்தில் என் பெயரைச் சேர்க்கவே விரும்பினேன். அதற்கு அச்சில் ஆதாரம் கேட்டார்கள், என்னிடம் இல்லை. ஆகவே தங்கள் பெயரை மட்டும் முறைப்படி எழுதியிருக்கிறேன்: லதீகின், கி. ஆ., தனி ஆசிரியர்.

இப்படிக்கு,
வே. ந. கோர்தின்