வெந்நீர்க் குளத்தில் மிதந்த நல்லெண்ணெய்

அண்ணே, இன்று சனிக்கிழமை. வீட்டுக்காரி மிளகு போட்டு நல்லெண்ணெய் காய்ச்சினாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். "எண்ணெய் வாடைக்கு மசக்கை வந்த ஒரே ஆம்பளை நீங்கதான்லா" என்று சிரிக்கிறாள். ஊரையே கேலி செய்கிற எனக்கு அது வேண்டும்தான். ஏன் குமட்டுகிறது என்று அவளிடம் சொன்னதில்லை. உங்களிடமும் சொல்லவில்லை. நீங்கள் கண்மூடி நாற்பது நாள் ஆன பிறகு எழுதுகிறேன். பிழை இருந்தால் திட்டாதீர்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு.

கப்பலில் நீங்கள் சமையல், நான் தட்டுக் கழுவல். ஜப்பானில் கோபே துறைமுகத்தில் ஒரு பகல் விடுப்பு கிடைத்தது. ஐந்து மணிக்குக் கப்பல் புறப்படும். மலையில் வெந்நீர் ஊற்று இருக்கிறது, உங்கள் முட்டிவலிக்கு நல்லது என்று யாரோ சொல்ல, கிளம்பிவிட்டோம். முதலில் தண்டவாளத்தில் ஓடும் திராம். "நம்ம பினாங்கு திராம் இதுக்கு மாட்டுவண்டிடா" என்றீர்கள். பிறகு மலையடி வரை பஸ். பலகை படிக்கத் தெரியாமல், முழங்காலைத் தட்டி, 'உஸ்' என்று ஆவி விட்டுக் காட்டியே நீங்கள் வழி கேட்டீர்கள். பஸ்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். திரும்பும் கடைசி பஸ் மூன்று மணிக்கு என்று மூன்று விரல் காட்டினார். அதற்கு மேல் வாடகை சைக்கிள். உங்கள் பையில் கப்பல் குசினியில் சமைக்க வைத்திருந்த நல்லெண்ணெய்ப் புட்டி, அன்றும் சனிக்கிழமை ஆயிற்றே.

அங்கே எல்லாரும் வெளியே தேய்த்துக் குளித்துச் சுத்தமான பிறகே குளத்தில் இறங்கினார்கள். நான் பார்த்துவிட்டேன். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்ப்பதில் மும்முரமாக இருந்த நீங்கள் பார்க்கவில்லை.

"எண்ணெயோட இறங்கலாமாடா தம்பி?"

"தாராளமா இறங்குங்க அண்ணே. ஊறினாத்தான் பிடிக்கும்."

வெறும் கேலிதான். தலை முதல் கால் வரை வழிய வழிய இறங்கினீர்கள். தண்ணீர்மேல் மஞ்சள் வட்டம் வட்டமாகப் பரவியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் செத்த எலியைக் கண்டதுபோல் முகம் சுளித்து எழுந்தார்கள். குளத்தை நடத்துகிறவர் ஓடிவந்து கத்தினார். உங்களைக் காட்டி, என்னைக் காட்டி, இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார். இருவரும் ஒன்றா?

இல்லை என்று தலையாட்டினேன். சீ!

உங்கள் கையில் ஒரு மரக் கிண்ணத்தைத் திணித்தார். எண்ணெயை ஒவ்வொரு கிண்ணமாக வழித்து ஊற்றினீர்கள். மணி இரண்டரை. நான் சைக்கிளை எடுத்தேன். வேலி இடுக்கில் என்னைப் பார்த்துவிட்டீர்கள். கோபமே இல்லை.

"போ தம்பி, பஸ்ஸ விட்டுடாதே! கப்பல்ல சொல்லிக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லு!"

பஸ்ஸைப் பிடித்தேன், திராமைப் பிடித்தேன், கப்பலில் ஏறினேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை. திறந்தால் முழுக்கதையும் சொல்லவேண்டும். ஐந்துக்குச் சங்கு ஊதியது. நீங்கள் இல்லாமல் கரை நகர்ந்தது.

இரண்டு மாதம் கழித்து வேறொரு கப்பலில், அந்த முட்டியோடு கரி அள்ளிக்கொண்டு பினாங்கு வந்து சேர்ந்தீர்கள். சமையல் வேலை போய்விட்டது. அடிப்பீர்கள் என்று துறைமுகத்தில் கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"பஸ் போயிடுச்சுடா. நடந்தே வந்தேன். கப்பல்ல சொன்னியா?"

சொன்னேன் என்று தலையாட்டினேன்.

"அதானே, நீ சொல்லாம இருப்பியா?" என்று தோளில் தட்டினீர்கள்.

நான் சொல்லவில்லை, அண்ணே. அங்கே ஒரு தலையாட்டல், இங்கே ஒரு தலையாட்டல். அந்தத் தலையைத்தான் இன்னும் கழுத்தின்மேல் சுமந்துகொண்டு திரிகிறேன்.