தண்ணீர் கொண்டுவருகிற கை

கண்ணான மகனுக்கு,

ஊருக்குக் காவல் நிற்கிற உனக்கு ஆண்டவன் காவல் நிற்கட்டும். போனில் இதைச் சொல்லி முடிக்க எனக்கு வராது. நீயும் "டூட்டிம்மா, அப்புறம்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். நானாகக் கூட்டிப் படித்த எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

இங்கே எல்லாரும் சுகம் என்று எழுத வரவில்லை.

பக்கத்து வீட்டுத் தையல்காரியை உனக்குத் தெரியும். நீ வேலையில் சேர்ந்தபோது உன் காக்கிச் சட்டையைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாளே, அவள்தான். காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை அவள் மெஷின் ஓடும். மதியம் புருஷன் சாப்பிட வரும்போது, சில நாள் திடீரென்று நிற்கும். பிறகு சுவரில் ஏதோ மோதும். பால் வராத நாளுக்கு நோட்டில் சுழி போடுவேன் இல்லையா, அதே போல அந்த நாள்களுக்கும் பக்கத்தில் ஒரு சுழி போட்டு வந்தேன். எட்டு மாதத்தில் இருபத்து மூன்று. ஏன் போட்டாய் என்று கேட்காதே. சும்மா இருக்கவும் முடியவில்லை, வேறு எதுவும் செய்யத் தைரியமும் இல்லை.

போன செவ்வாய் மதியம் பிரார்த்தனையில் உட்கார்ந்திருந்தேன். மெஷின் நின்றது. "கை வேணாங்க, கையை மட்டும் விட்டுடுங்க" என்று அவள் கெஞ்சினாள். தைக்கிற கை அல்லவா. பாதியில் எழுந்து போலீசுக்குப் போன் போட்டேன். என் பேர் வெளியே வரக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னேன்.

அரைமணியில் ஒரு போலீஸ்காரர் வந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாசலில் புருஷனைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே "என்னம்மா பிரச்சனை?" என்று அவளைக் கேட்டார். என்ன சொல்வாள்? "ஒண்ணுமில்ல சார், பாத்திரம் விழுந்துச்சு" என்றாள். வீடு மாறி வந்துவிட்டோமோ என்று அவருக்குச் சந்தேகம். அங்கேயே நின்றபடி, புகார் சொன்ன நம்பருக்குப் போன் போட்டார்.

என் போனில் பக்திப் பாட்டு வைத்திருக்கிறேன். சுவருக்கு இந்தப் பக்கம் அது முழுக் குரலில் பாடியது. தலையணைக்கு அடியில் திணித்தேன், அடங்கவில்லை. அந்தப் பாட்டு யாருடையது என்று இந்தக் கட்டிடத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

அவர் "புருஷன் பொண்டாட்டின்னா நாலு சத்தம் வரத்தான் செய்யும், அனுசரிச்சுப் போங்க" என்றார். அவள் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தார். அவன் தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார். அவன் என் ஜன்னலுக்கு வந்து, "பாட்டு நல்லாருக்கும்மா. எங்க வீடு வரைக்கும் கேக்குது" என்று சிரித்தான். அவன் கதவைச் சாத்தியதும் மறுபடி போன் போட்டேன். "இப்பத்தானேம்மா ஆள் வந்துட்டுப் போச்சு?" என்றார்கள்.

மறுநாள் அவளை அவனே தூக்கி ஆட்டோவில் ஏற்றினான். பார்த்தவர்கள் "எவ்வளவு பாசம்!" என்றார்கள். தாடை முறிந்திருக்கிறது. வலது கையில் மூன்று விரலும்.

நோட்டை எடுத்துக்கொண்டு நானே ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கிருந்த இன்ஸ்பெக்டரம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். தொப்பியை எடுத்துக்கொண்டு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். முதல் வேலையாக அவனை ஒரு போலீஸ்காரரோடு கீழே அனுப்பினார். திரையை இழுத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, "அவசரமில்ல தாயி, நான் எங்கயும் போகல" என்றார். சொன்னபடியே வெகுநேரம் இருந்தார்.

அவளால் வாயைத் திறக்க முடியாது. இடது கையால் நோட்டைக் கேட்டாள். என் சுழிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். நான் சுழி போடாத நாள்களையும் தொட்டாளப்பா. சத்தமே கேட்காத நாள்கள்.

அவன் இப்போது உள்ளே இருக்கிறான்.

போன மாதம் நீ சொன்னாயே, "குடும்பச் சண்டைக்கெல்லாம் கூப்பிடறாங்கம்மா. ரெண்டு பேரையும் நிக்க வச்சு நாலு வார்த்தை, பத்தே நிமிஷத்துல சமாதானம்" என்று. நானும் சிரித்தேன். என் பிள்ளை சாமர்த்தியசாலி என்றேன்.

நீ இரண்டாம் வகுப்பில் இருந்தபோது நம் வீட்டுக்கும் ஒரு போலீஸ்காரர் வந்தார். உனக்கு நினைவிருக்காது. இருந்தால் நாம் அதைப் பேச வேண்டாம். அவரும் உன் அப்பாவும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

புத்தி சொல்ல நான் யார்? இருந்தாலும் கேட்கிறேன். அப்படி ஒரு வீட்டுக்குப் போனால், அந்தப் பெண்ணைத் தனியாக வைத்துக் கேள். கூப்பிட்டவரைக் காட்டிக்கொடுக்காதே. "ஒண்ணுமில்ல" என்று அவள் சொன்னதும் கிளம்பிவிடாதே.

ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளையும், அந்த வாசலில் நிற்கிற பொறுமையையும் தரட்டும். அவள் தண்ணீர் கொண்டுவந்தால், வாங்குவதற்கு முன்னால் அந்தக் கையைப் பார், கண்ணா. அன்று நம் வீட்டுக்கு வந்தவர் பார்க்கவில்லை.

உன் அம்மா