வரி எண் இருநூற்றுப் பதினான்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். அங்கே நீ சௌக்கியமா என்று ஒவ்வொரு கடிதத்திலும் பழக்கத்துக்காக எழுதுவேன், நீயும் பழக்கத்துக்காக சௌக்கியம் என்பாய். இந்தக் கடிதத்தை அந்த ஒரு கேள்விக்காகவே எழுதுகிறேன், அதனால் நிதானமாகப் படித்துவிட்டு உண்மையான பதிலைச் சொல். போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனில் நீ என்னை எங்கே பேச விடுகிறாய், நான் ஒன்று கேட்டால் நீ மூன்று கேட்டு, பேச்சை அப்பாவின் மாத்திரைக்குத் திருப்பிவிடுவாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது பார்.

முதலில் வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. முப்பது வருஷம் ஊரார் வீட்டுத் தண்ணீர் மீட்டரைக் குனிந்து குனிந்து பார்த்த உன் அப்பா, சொந்த வீட்டுக் குழாய்க்கு ஒரு வாஷர் மாற்ற நாலு நாள் எடுத்துக்கொண்டார். நெஞ்சில் அடைப்பு எடுத்து எட்டு மாதம் ஆகிறது, டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார், நடக்கிறார், திரைப்பட விழா நடக்கும் தியேட்டர் வரைக்கும். போன வெள்ளிக்கிழமை விழா தொடங்கியது, பத்து நாள், நாற்பது படம், எல்லாம் வெளிநாட்டுப் படங்கள். நான் அங்கே வேலை பார்ப்பதால் அவருக்கு ஓர் இலவச அட்டை, 'உடன் வருபவர்' என்று பெரிய எழுத்தில் அச்சடித்தது, அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காய்கறிக் கடைக்குக்கூடப் போய் வருகிறார். எந்தப் படமானாலும் பத்தாவது நிமிஷம் தூங்கிவிடுவார். ஆனாலும் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்து எல்லாப் படத்துக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுகிறார். ஆடு தொலைந்துபோன படம் ஒன்று, மூன்று மணி நேரம். ஆடு கிடைச்சுதா என்று கேட்டேன், நான் எழுந்தப்போ கிடைச்சிருந்துச்சு என்றார். எழுபத்திரண்டு மார்க்.

என் வேலை என்ன என்று நீ ஒரு தரமும் சரியாகக் கேட்டுக்கொண்டதில்லை, அம்மா ஏதோ பொத்தானை அழுத்துறாங்க என்று உன் சிநேகிதிகளிடம் சொல்லியிருக்கிறாய். அழுத்துவதுதான், ஆனால் எப்போது அழுத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. படம் அவர்கள் மொழியில் ஓடும். திரைக்குக் கீழே ஒரு நீளமான கறுப்புப் பட்டை இருக்கும், அதில் நம் மொழியில் வரி வரும். வரிகளை மொழிபெயர்த்துக் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார், ஒரு கமாவுக்காக அரை நாள் சண்டை போடுவார், அதனால் எல்லோருக்கும் அவர் 'கமா'தான். அவர் கொடுக்கும் தாளில் வரி எண் இருக்கும், அவர்கள் பேசும் வாக்கியம் என்ன ஓசையில் தொடங்கும் என்று நம் எழுத்தில் இருக்கும், பக்கத்தில் அர்த்தம் இருக்கும். நான் பின்சுவரில் கண்ணாடி வைத்த சின்ன அறையில் உட்கார்ந்து, அந்த ஓசை காதில் விழுந்ததும் தட்ட வேண்டும். ஒரு வினாடி முந்தினால் ஜோக்குக்கு முன்னாலேயே ஜனங்கள் சிரித்துவிடுவார்கள், பிந்தினால் புருஷன் பேசியது பெண்டாட்டி வாயில் வந்துவிடும். அதற்காக ஒவ்வொரு படத்தையும் வீட்டில் மூன்று தரம் போட்டுப் பார்த்துக்கொள்வேன். நீதிமன்றத்தில் முப்பத்தொரு வருஷம் சுருக்கெழுத்து எடுத்தவள் நான். கொலை செய்தவன் சொன்னதையும் எழுதியிருக்கிறேன், பிள்ளையைப் பறிகொடுத்தவள் சொன்னதையும் எழுதியிருக்கிறேன், ஒரு நாளும் என் விரல் நின்றதில்லை. விழாவிலும் ஆறு வருஷமாக ஒரு வரி தப்பியதில்லை. திங்கட்கிழமை தப்பியது.

அதைச் சொல்வதற்கு முன் உன் போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் பதினைந்து நாளைக்கு ஒரு தரம், அதுவும் நான் இரண்டு தரம் கூப்பிட்டுத் தவறவிட்ட பிறகு, நீ பேசுவாய். எட்டு மாதமாகச் செவ்வாய், வியாழன், சனி, நம் நேரம் மாலை ஐந்து மணிக்குக் கடிகாரம் மாதிரி கூப்பிடுகிறாய். வேலை முடிந்து ரயிலுக்குக் காத்திருக்கும் நேரம் என்றாய். அந்த மூன்று நாளும் நான் மாலைக் காட்சி ஒப்புக்கொள்வதே இல்லை. பெண்ணுக்கு எங்கே இருந்தாலும் அப்பா அம்மா ஞாபகம்தான் என்று கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தரமும் பேச்சு முடியும்போது உன் பக்கத்தில் மூன்று தரம் மணி அடிக்கும், மூன்றாவது மணி கொஞ்சம் இறங்கி ஒலிக்கும், பிறகு ஒரு பெண் குரல் இரண்டு வாக்கியம் சொல்லும், ரயில் வந்துடுச்சும்மா, வெச்சிடறேன் என்பாய். என் காது சும்மா இருக்குமா, அந்த இரண்டு வாக்கியமும் எனக்கு அர்த்தம் தெரியாமலே மனப்பாடம் ஆகிவிட்டது. துணி மடிக்கும்போது அதைச் சொல்லிப் பார்ப்பேன், அப்பா அந்தக் குரல் மாதிரியே சொல்கிறேன் என்று சிரிப்பார்.

திங்கட்கிழமை இரண்டு மணிக் காட்சிக்கு வேறு ஒரு படம் இருந்தது. இப்போதெல்லாம் படம் ஒரு பெட்டியில் பூட்டோடு வருகிறது, அந்தப் பூட்டைத் திறக்கும் எண்ணைப் படக்காரர்கள் தனியாக அனுப்ப வேண்டும். அவர்கள் மறுநாள் தேதிக்கு அனுப்பிவிட்டார்கள், பெட்டி திறக்கவில்லை. மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை போட வேண்டிய படத்தை இப்போதே போட்டுவிடலாம் என்றார். அது நீ இருக்கும் நாட்டுப் படம், நீ இருக்கும் ஊரிலேயே எடுத்தது. கமா வரிகளை எழுதி முடித்திருந்தார், நான் இன்னும் ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை, புதன்கிழமை பார்க்கலாம் என்று வைத்திருந்தேன். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆறு வருஷமாகத் தப்பாதவள் என்ற திமிர் எனக்கும் இருக்கிறது அல்லவா, தாளைக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

படம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு பேருந்து ஓட்டுநர், அவனுக்கு ஒரு தங்கை. தங்கைக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது, வாரத்தில் மூன்று நாள் அவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு அவன் வண்டி எடுக்கப் போகிறான். ஒரு நீளமான கூடம், இரண்டு பக்கமும் படுக்கை, படுக்கைக்கு ஒரு மெஷின். எல்லோருடைய ஒரு கையும் நீட்டிக் கட்டியிருக்கிறது. தங்கை படுத்திருக்கிறாள், அண்ணன் பக்கத்தில் நிற்கிறான். பின்னால் இன்னொரு படுக்கையில் ஒரு பெண், கதையில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை, ஒரு கை மெஷினில், இன்னொரு கையில் போன், யாரிடமோ சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அப்போது மூன்று தரம் மணி அடித்தது. மூன்றாவது மணி இறங்கி ஒலித்தது. உன் போனில் கேட்கும் அந்தப் பெண் குரல் பேசத் தொடங்குவதற்கு முன்பே அது என்ன சொல்லப்போகிறது என்று என் வாய் முணுமுணுத்துவிட்டது. கை தானாகத் தட்டியது. வரி எண் இருநூற்றுப் பதின்மூன்று, டயாலிசிஸ் பிரிவில் பார்வையாளர் நேரம் முடிந்தது. வரி எண் இருநூற்றுப் பதினான்கு, உடன் வந்தவர்கள் தயவுசெய்து வெளியே செல்லவும்.

அதற்குப் பிறகு என் விரல் நகரவில்லை. திரையில் பேருந்து ஓடியது, பரிசோதகர் வந்து அவனோடு சண்டை போட்டார், அவன் மனைவி ஏதோ சொல்லி அழுதாள், கீழே அந்த இருநூற்றுப் பதினான்கே நின்றது. இரண்டு நிமிஷம் நின்றதாம். கடைசி வரிசையில் உன் அப்பா மாதிரி 'உடன் வருபவர்' அட்டை மாட்டியவர்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். கூட்டம் அதிகமானால் முதலில் அவர்களைத்தான் எழுந்து இடம் விடச் சொல்வது வழக்கம். பாவம், வெளியே செல்லவும் என்று வரி விடாமல் நின்றதைப் பார்த்து, தங்களைத்தான் சொல்கிறார்கள் என்று ஒவ்வொருவராக எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். மேனேஜர் கதவருகே ஓடி, உங்கள இல்லைங்க, படத்துல இருக்கிறவங்கள, உள்ள வாங்க என்று கெஞ்சிக் கூட்டி வந்தார். கமா மாடிப்படி ஏறி வந்து என் தோளைத் தட்டிய பிறகுதான் நான் இருநூற்று முப்பத்தொன்றுக்குத் தாவினேன். மீதிப் படத்தை ஒழுங்காகத் தட்டி முடித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். உடம்பு சரியில்லையாம்மா என்று கமா கேட்டார், எனக்கு நல்லாத்தான் இருக்கு என்றேன்.

திரும்பி நடக்கும்போது அப்பாவிடம் ஒன்றும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன், அவருடைய நெஞ்சுக்குத் தாங்காது என்று. நல்ல வேளை, வழக்கம்போலத் தூங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பேச்சுக்கு இருக்கட்டுமே என்று, கடைசி வரிசையில எல்லாரும் எழுந்து போனாங்களாமே, நீங்க மட்டும் ஏன் போகல என்று கேட்டேன். அவர் மருந்துக்கடை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். நான் எங்கடி போறது, நம்ம பொண்ணு அங்கதானே படுத்திருக்கா என்றார். அன்றைக்கு ஒரு நிமிஷம்கூடத் தூங்கவில்லையாம். மணி அடித்ததும் அவருக்கும் தெரிந்துவிட்டது, ஸ்பீக்கரில் போட்டுத்தானே இருவரும் உன்னோடு பேசுகிறோம். அவரும் என்னிடம் சொல்லக் கூடாது என்றே நினைத்துக்கொண்டு நடந்திருக்கிறார். மருந்துக்கடைக்காரர் நாற்காலி போட்டுக் கொடுத்தார், இரண்டு பேரும் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதோம், அவர் தண்ணீர் கொடுத்தார், ஏன் என்று கேட்கவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. உப்பில்லாமல் சமைப்பது எப்படி என்று கேட்டாய், கூடத் தங்கியிருப்பவள் டயட்டில் இருக்கிறாள் என்றாய். வீடியோவில் வா என்றால் சிக்னல் இல்லை என்பாய். கோடையில் அனுப்பிய படத்திலும் முழுக்கைச் சட்டை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, உன்னை நாலு வார்த்தை திட்டி எழுத வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் திட்ட எனக்கு வாய் ஏது. அப்பாவுக்கு அடைப்பு எடுத்ததை உனக்கு நாங்கள் மூன்று வாரம் கழித்துத்தானே சொன்னோம், அந்த மூன்று வாரமும் அவர் குளிக்கிறார், கடைக்குப் போயிருக்கிறார் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டே உன்னிடம் அளந்தேன். அதே மாதம்தான் உனக்கும் இது தொடங்கியிருக்கிறது என்று கணக்குப் பார்த்தால் தெரிகிறது. நாங்கள் உனக்காக மறைத்தோம், நீ எங்களுக்காக மறைத்தாய். போதும் பாப்பா, இனி யாரும் யாருக்காகவும் மறைக்க வேண்டாம், எனக்கு இதைத் தாங்கத் தெரிகிறது, தெரியாமல் இருப்பதுதான் தாங்கவில்லை.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். என் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க நேற்றுக் காலையே கொடுத்துவிட்டேன். நீ பிறந்தபோது கொடுத்த சீட்டு பீரோவில் இருக்கிறது, உன் ரத்தப் பிரிவும் என்னுடையதும் ஒன்றுதான். எனக்கு வயது அறுபத்தொன்று, சர்க்கரை இல்லை, பிரஷர் மட்டும் கொஞ்சம். என் சிறுநீரகம் உனக்கு ஆகுமா ஆகாதா என்று அங்குள்ள டாக்டர் சொல்லட்டும், நீயாக வேண்டாம் என்று சொல்லாதே, உன்னை நான் கேட்கவில்லை. ஆகாவிட்டாலும் வருவேன், உப்பில்லாமல் சமைக்க ஓர் ஆள் வேண்டாமா. உன்னை அங்கே கொண்டுபோய் விடுவதற்கு யாராவது இருக்கிறார்களா, அல்லது தனியாகப் பஸ் ஏறிப் போய் வருகிறாயா, அதை மட்டும் முதலில் எழுது. அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

நேற்றுச் செவ்வாய்க்கிழமை நீ கூப்பிட்டபோது நாங்கள் இருவரும் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. அப்பா ஆட்டுக் கதையைச் சொன்னார், நீ சிரித்தாய். கூரியர்காரர் இந்தக் கடிதம் திங்கட்கிழமை உன் கைக்கு வரும் என்கிறார், அதுவரை வியாழனும் சனியும் இப்படியே பேசிக்கொள்வோம், பயப்படாதே. அப்பா தன் நோட்டில் அந்தப் படத்துக்கு மார்க் போடவில்லை, பெயரை மட்டும் எழுதி இடத்தை விட்டு வைத்திருக்கிறார். தன் கழுத்து அட்டையையும் இந்த உறைக்குள் போட்டிருக்கிறார். விழா முடிய இன்னும் நாலு நாள் இருக்கிறதே, அட்டை இல்லாமல் உள்ளே விட மாட்டார்களே என்றேன், அவளுக்கு அனுப்பு என்றார்.

உடம்பு தேறி, பழையபடி எங்களோடு சண்டை போடும் தெம்பு உனக்கு வர வேண்டும் என்று இரண்டு பேரும் வாழ்த்துகிறோம். ஒரே ஒரு விஷயத்தை மறக்காதே. அடுத்த செவ்வாய் பேசும்போது மூன்று தரம் மணி அடித்து அந்தப் பெண் சொல்லத் தொடங்கினால், ரயில் வந்துவிட்டது என்று சொல்லிப் போனை வைக்காதே. அவள் என்ன சொல்கிறாள் என்று எங்களுக்குத் தெரியும். சொல்லிவிட்டுப் போகட்டும், நாங்கள் எழுந்திருக்கப் போவதில்லை.

உன்னைப் பெற்றவள்,
அம்மா