நீ படாத பசி

என் பிரியமான செல்விக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் உனக்கு இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். நீ கதை வாசித்தபோது நாலு பேர் வந்த அதே மண்டபம். இப்போது உட்கார இடமில்லை. செத்துப்போவதும் ஒரு நல்ல உத்திதான். பட்டறையில் அதை மட்டும் சொல்லித் தரவில்லை.

திண்டிவனத்தில் அந்த மூத்த எழுத்தாளர் நடத்திய இரண்டு நாள் சிறுகதைப் பட்டறை. பெரியவர்களிடம் கற்றால் மேலே வரலாம் என்று உன்னைச் சேர்த்துவிட்டவன் நான். ஷேர் ஆட்டோவுக்குள் நடக்கிற ஒரு கல்யாணப் பேச்சை எழுதிப் போயிருந்தாய். படித்து எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஒலக்கூர் பக்கம்ன்றீங்க, பசி எங்கம்மா? குடிசை எங்க? படிக்கிறவனுக்கு வயிறு எரிய வேணாமா?"

நமக்கோ ஓட்டு வீடு, இரண்டு ஏக்கரில் மல்லாட்டைக் கடலைச் சாகுபடி. பசிக்கு எங்கே போவாய்? ஆனாலும் நீ நல்ல மாணவி. காலிப் பானையைச் சுரண்டுகிற கரண்டியின் சத்தம், பிள்ளைக்குத் தராமல் கடைசிக் கூழைத் தானே குடித்துவிடுகிற அம்மா என்று மூன்றே வாரத்தில் எழுதி முடித்தாய். வர்ணனை என்றால் வர்ணனை. அந்த அம்மாவுக்கு நம் அம்மாவின் பெயரையே வைத்தாய். நிஜப் பெயர் போட்டால்தான் வாசகன் நம்புவான் என்பதும் அவர் பாடம்தான். பத்திரிகையில் உடனே வந்துவிட்டது.

எழுத்துக்கூட்டத் தெரியாத அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டியது நான். பெருமையாக, நிறுத்தி நிறுத்தி.

"நான் எப்படா துன்னுட்டு அவள பட்டினி போட்டேன்?" என்றாள்.

"அது கதைம்மா."

"கதைக்கு எம்பேரு எதுக்கு?"

உனக்காவது பதில் தெரிந்திருந்ததா? அதன்பின் நீ வெளியூரிலிருந்து போன் செய்தால் பேசாமல் என்னிடம் நீட்டிவிடுவாள். பதினோரு மாதம். பிறகு ஒரு காய்ச்சல், நாலே நாள், நீ போய்விட்டாய். இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் பேசியிருப்பாளோ?

இரங்கல் கூட்டத்தில் அந்த எழுத்தாளர் அந்தக் கதையைத்தான் வாசித்தார். "பசியிலேயே வளர்ந்த பிள்ளை" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முன்வரிசையிலிருந்த அம்மா எழுந்துவிட்டாள்.

"யாருய்யா பசியில வளந்தது? மூணு வேளையும் துன்னுச்சி எம்பொண்ணு. களி எறங்காதுன்னு அதுக்குன்னு தனியா சோறு ஆக்கனேன். நீ வந்து பாத்தியா?"

"அம்மா துக்கத்துல பேசறாங்க. பேசட்டும்" என்றார் மைக்கில். கூட்டம் கைதட்டியது, அவருடைய பெருந்தன்மைக்கு. நானும் இரண்டு முறை தட்டிவிட்டேன். இலக்கியக் கூட்டப் பழக்கம்.

இப்போது அந்தக் கதையின் பெயரிலேயே உன் தொகுப்பு வரப்போகிறதாம். முன்னுரை அவருடையது. பதிப்பகத்து ஆள் என்னிடம் சம்மதக் கையெழுத்துக் கேட்டு வந்தார். அம்மாவின் பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள் என்றேன்.

"மாத்தினா உண்மை போயிடுமே சார்" என்றார். காகிதத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அம்மாவின் பெயரோடு உன் புத்தகம் வெளிவராது, செல்வி. சத்தியமாகச் சொல்கிறேன். எனக்குக் கதை எழுத வராது. கையெழுத்துப் போடாமல் இருக்க வரும்.

உன் உடன்பிறந்த அண்ணன்