பாக்கெட் வைத்த பாவாடை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மாமாவும் பிள்ளைகளும் சுகம்தானே? நான் கூட்டிப் பெருக்கும் ஆஸ்பத்திரியில், கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை இலவசம் என்று சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறார்கள். உங்கள் ஊரிலும் சனிக்கிழமை உண்டாம். அம்மா இதே நோயைக் கடைசிவரை சொல்லாமல் மறைத்துப் போய்ச் சேர்ந்ததை மறந்துவிடாதே. முளையிலேயே கிள்ளிவிடலாமாம். போய்விட்டு வா.

உன் வாயாடித் தங்கை

மார்ச் 15

என் செல்ல வாயாடிக்கு,

எல்லோரும் சுகம். சனிக்கிழமை போனால் அரை நாள் சம்பளம் போச்சு. "எல்லாருக்கும் சனிக்கிழமைதான் நோவு வருமா?" என்கிறார் எங்கள் தையல் கம்பெனி சூப்பர்வைசர். எனக்கோ ஒரு நோவும் இல்லை.

சரி, உன்னிடம் என்ன மறைப்பு? வெட்கமடி! மூன்று பிள்ளை பெற்றவள்தான். ஆனாலும் முன்பின் தெரியாதவர் எதிரே அப்படிப் படுப்பதை நினைத்தாலே போர்வைக்குள் ஒளிந்துகொள்ளத் தோன்றுகிறது. என்னை விட்டுவிடு.

உன் அக்கா

மார்ச் 24

அக்கா,

முதலில் சிரித்தேன், பிறகு அழுதேன். கடைசியில் கேட்டபோது அம்மாவும் இதையேதான் சொன்னாள். பதினெட்டு வருடமாக ஊருக்கெல்லாம் கால்சட்டை தைக்கிறாயே, உன் வெட்கத்தை மூட ஒரு துணி தைக்கத் தெரியாதா? உங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலும் பார்ப்பது நர்ஸம்மாதான். போன் போட்டுக் கேட்டுவிட்டேன்.

கோபத்தோடும் முத்தத்தோடும்,
வாயாடி

ஏப்ரல் 20

அடி வாயாடி,

தைத்தேன்! முட்டிக்குக் கீழே இறங்கும் பாவாடை, முன்பக்கம் திறப்பு. கம்பெனியில் நாள் முழுக்கப் பாக்கெட் வைக்கிற கையல்லவா, பழக்கதோஷத்தில் இதற்கும் இரண்டு வைத்துவிட்டேன். நர்ஸம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"இதுல என்னம்மா போட்டுக்குவீங்க?"

"என் வெட்கத்தத்தான்!" என்றேன். சிரித்து முடிப்பதற்குள் பரிசோதனையும் முடிந்தது. நேற்று ரிசல்ட் சீட்டு வந்தது. ஒன்றுமில்லையாம்! இப்போது என் லைனில் தைக்கிற ஒன்பது பேர் அந்தப் பாவாடையைக் கேட்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து போய் நின்றதில், சூப்பர்வைசரும் முறை வைத்து அனுப்பச் சம்மதித்துவிட்டார்.

அதிருக்கட்டும், ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறாயே, நீ எப்போது போனாய்? ஒரு வரிகூட எழுதவில்லையே. உன்னை எனக்குத் தெரியாதா? எங்களுக்கு வேறு தைத்துக்கொள்கிறேன். என் பாவாடையைத் துவைத்து அனுப்பியிருக்கிறேன். பாக்கெட்டில் கைவிட்டுப் பார்.

உன் அக்கா

மே 6

அக்கா,

கையும் களவுமாகப் பிடித்துவிட்டாயே! இங்கே அந்தப் பரிசோதனை அறையைத் தினமும் இரண்டு வேளை துடைக்கிறேன். ஒருநாளும் அந்தக் கட்டிலில் ஏறியதில்லை. எல்லாம் தெரிந்த முகங்கள், அதனால் இன்னும் வெட்கம்.

பாக்கெட்டில் இருந்த உன் சீட்டைப் பிடித்துக்கொண்டேதான் படுத்தேன். எனக்கும் ஒன்றுமில்லை அக்கா! சந்தோஷத்தில் வாளியை உதைத்துத் தண்ணீரைக் கொட்டி, நானே துடைத்தேன்.

பாவாடையைத் திருப்பிக் கேட்காதே. என்னோடு துடைக்கும் ஆறு பேர் காத்திருக்கிறார்கள். இன்னொன்று தைத்து அனுப்பு. பாக்கெட்டை மட்டும் விட்டுவிடாதே.

உன் வாயாடி